அரையணா போட்டால் பெஷாவர் வரை

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டுப் பெட்டகத்தைச் சுத்தம் செய்தபோது, கணக்கு நோட்டுகளுக்கு அடியில் மூன்று பழைய கடிதங்கள் கிடைத்தன. ஒன்று 1853-இல் சென்னப்பட்டணத்திலிருந்து மதுரைக்கு வந்தது. தபால் தலை கிடையாது. ஒரு முத்திரையும் பேனாவால் கிறுக்கிய அணாக் கணக்கும்தான். இரண்டாவது 1855-இல் எழுதியது. அதே கையெழுத்து, அதே ஊர்கள். ஆனால் இதில் விக்டோரியா ராணி தலை போட்ட நீல நிற அரையணா ஸ்டாம்பு ஒட்டியிருக்கிறது, ஓரமெல்லாம் கோணல்மாணல். மூன்றாவது 1860-ஐ ஒட்டிச் சிங்கப்பூரிலிருந்து வந்தது. ஒட்டியிருப்பதோ இந்தியத் தலை. மேலே குத்திய முத்திரையில் 'பி 172' என்று இருக்கிறது. இரண்டே ஆண்டில் தபாலில் அப்படி என்ன மாறியது? கம்பெனி ஆண்ட காலத்தில் ராணியின் தலை எப்படி வந்தது? சிங்கப்பூரில் இந்திய ஸ்டாம்பு ஏன்? இவை நல்ல விலைக்குப் போகுமா என்று பேரன் கேட்கிறான். அதற்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

— தேவகோட்டை வாசகர் ஒருவர்

பதில்: உங்கள் முதல் இரண்டு கடிதங்களுக்கும் நடுவில் 1854 இருக்கிறது. இந்தியத் தபால் வரலாற்றில் இவ்வளவு மாற்றங்களை ஒரே ஆண்டில் கண்ட இன்னொரு காலம் இல்லை. எல்லோருக்கும் கண்ணில் படுவது அந்த நீலத் துண்டுக் காகிதம். என்னைக் கேட்டால், அந்த ஆண்டின் மாற்றங்களில் ஸ்டாம்பு இரண்டாவது இடத்தில்தான் வரும். முதலிடம், கடிதத்துக்குக் கூலி எதை வைத்துக் கணக்கிடுவது, அதை யார் எப்போது கொடுப்பது என்ற இரண்டும் தலைகீழானதற்கு.

1853 கடிதத்தின் மேல் கிறுக்கியிருக்கும் அணாக் கணக்கை எடுத்துக்கொள்வோம். அப்போது தபால் கூலி தூரத்தைப் பொறுத்தது. தபாலாபீசில் ஊருக்கு ஊர் எத்தனை மைல் என்று அட்டவணை இருக்கும். குமாஸ்தா அதைப் பார்த்து, எடை போட்டு, கவரின் மேல் தொகையை எழுதுவார். அனுப்புகிறவர் ரொக்கமாகக் கட்டலாம். கட்டாமலே போட்டால் வாங்குகிறவர் தலையில் விழும். 1837-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணைப்படி கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா எடைக்கு ஒரு ரூபாய். ஆக்ராவுக்குப் பன்னிரண்டு அணா. கூலி வேலை செய்கிறவர் நினைத்துப் பார்க்கக்கூடிய தொகையா அது? கடிதம் என்பது அதிகாரிகளுக்கும் வியாபாரிகளுக்கும் உரிய பொருளாக இருந்தது.

அந்த 1837 சட்டம்தான் தபால் கொண்டுபோகும் உரிமையைச் சர்க்காரின் ஏகபோகமாக ஆக்கியது. மகாஜனங்கள் எனப்பட்ட வியாபாரிகள் தங்களுக்குள் நடத்திவந்த தபால்கள் சட்டவிரோதமாயின. ஏகபோகத்தை எடுத்துக்கொண்டார்களே தவிர, அதை நடத்த ஒரு தலைமை இல்லை. சென்னை, வங்காளம், பம்பாய் என்று ஒவ்வொரு ராஜதானியும் தன் போக்கில் நடத்தியது. ஜில்லாவில் கலெக்டர் போன்றவர்களே வேறு ஆயிரம் வேலைகளுக்கு நடுவே போஸ்ட்மாஸ்டர் பொறுப்பையும் சுமந்தார்கள். நம் சென்னைத் தபாலாபீசு 1786-இலேயே கோட்டைக்குள் தொடங்கியது. ஆனாலும் சென்னையில் போட்ட கடிதம் பம்பாய் எல்லைக்குள் நுழைந்ததும் வேறொருவர் கணக்குக்குப் போய்விடும்.

இந்தக் குழப்பத்தை ஆராய 1850-இல் மூன்று பேர் கொண்ட கமிஷன் போட்டார்கள். கோர்ட்னி, ஃபோர்ப்ஸ், பீடன் என்று ராஜதானிக்கு ஒருவர். அவர்கள் கொடுத்த அறிக்கையே 1854-இன் விதை. அதற்குப் பின்னால் நின்ற யோசனை இங்கிலாந்தில் ரோலண்ட் ஹில் கண்டுபிடித்தது. லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமந்துபோக உண்மையில் ஆகும் செலவு என்ன என்று ஹில் கணக்குப் போட்டார். ஒரு பென்னியில் முப்பத்தாறில் ஒரு பங்குதான் வந்தது. ஆக, செலவு சாலையில் இல்லை. கடிதத்தை வாங்குவது, எடை போடுவது, தூரம் பார்ப்பது, கணக்கு எழுதுவது, கடைசியில் வீடு தேடிப் போய்க் காசுக்காக நிற்பது என்று எல்லாச் செலவும் இரண்டு முனைகளில் இருக்கிறது. அப்படியானால் தூரத்தை மறந்துவிடலாம்; முன்பணம் வாங்கிவிட்டால் பாதிக் குமாஸ்தா வேலை ஒழியும். 1840-இல் இங்கிலாந்தில் பென்னித் தபால் வந்தது இந்தக் கணக்கின் பலத்தில்தான்.

இந்தியாவில் இது எடுபடுமா என்ற சந்தேகம் நியாயமானது. அங்கே ரயிலும் கோச்சு வண்டியும் சுமந்தன. இங்கே தபால் ஓட்டக்காரர் தோளில் பையும் கையில் சலங்கை கட்டிய ஈட்டியுமாக ஆறேழு மைல் ஓடி, அடுத்தவர் தோளுக்கு மாற்ற வேண்டும். இரவில் காட்டுப் பாதை என்றால் கூடவே பந்தக்காரரும் ஓடுவார். 1854-இல் சென்னை ராஜதானியில் ஓர் அங்குலம் பயணிகள் ரயில் பாதைகூட இல்லை. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு வண்டி ஓடியது 1856 ஜூலையில். உங்கள் 1855 கடிதமும் மனிதர்கள் ஓடியே மதுரைக்கு வந்திருக்கும். மனிதத் தோள் சுமக்கும் நாட்டில் எடை நேரடியாகச் செலவு. அதனால் இந்தியச் சட்டம் தூரத்தை விட்டுக்கொடுத்தது. எடையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

1854-இன் 17-ஆம் எண் சட்டப்படி கால் தோலாவுக்கு அரையணா. அரைத் தோலா வரை ஒரு அணா, ஒரு தோலா வரை இரண்டணா, ஒன்றரைத் தோலாவுக்கு மூன்றணா, இரண்டுக்கு நாலணா. அதற்கு மேல் தோலாவுக்கு இரண்டணா. செங்கல்பட்டுக்கும் அதே அரையணா, பெஷாவருக்கும் அதே அரையணா. கால் தோலா என்பது ஏறக்குறைய மூன்று கிராம். இன்று அச்சுப்பொறியில் போடும் ஏ4 தாள் ஒன்று ஐந்து கிராம் இருக்கும். அதில் பாதிக்குச் சற்று மேல்தான் அரையணாவுக்குப் போகும். அந்தக் காலக் கடிதங்கள் வெங்காயச் சருகு போன்ற தாளில், ஓரம்வரை நெருக்கி எழுதப்பட்டிருப்பதன் ரகசியம் இதுதான். உங்கள் 1855 கடிதத்தையும் விரித்துப் பாருங்கள். எடைக்கல் தேட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. கம்பெனி வெள்ளி ரூபாயின் எடை சரியாக ஒரு தோலா. நாலணா நாணயம் கால் தோலா. வீட்டில் ஒரு சின்னத் தராசு இருந்தால் போதும்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கால மதிப்பில் ஒரு ரூபாய்க்கு இருபத்து நாலு பென்னி. அரையணா என்பது முக்கால் பென்னி. இங்கிலாந்தின் பென்னித் தபாலைவிட மலிவு, அதுவும் இவ்வளவு பெரிய நாட்டில் என்று பெருமை பேசினார்கள். இன்றும் சில புத்தகங்கள் பேசுகின்றன. ஆனால் அங்கே ஒரு பென்னிக்கு அரை அவுன்ஸ், அதாவது பதினாலு கிராம் போகும். அதே எடைக் கடிதத்துக்கு இங்கே மூன்றணா, நாலரைப் பென்னி. மலிவு என்பது குட்டிக் கடிதத்துக்கு மட்டும். இந்தக் கஞ்சத்தனம் நீடிக்கவில்லை என்பதும் உண்மை. 1869-இல் அரையணாவுக்கு அரைத் தோலா என்று இரட்டிப்பாக்கினார்கள். 1907-க்குள் ஒரு தோலாவே அரையணாவுக்குப் போனது.

சரி, அந்தக் கூலியை யார் கட்டுவது? முன்பணம் கட்டாமல் போட்டால் இரட்டைக் கூலி என்றது சட்டம். குறைவாக ஒட்டினால் குறைந்த தொகைக்கு இரட்டிப்பு. அனுப்புகிறவரே கட்டட்டும் என்பதுதான் நோக்கம். ஜனங்கள் அவ்வளவு சுலபமாக மசியவில்லை. முன்பணம் கட்டாமல் போடும் 'பேரிங்' தபால் பல பத்தாண்டுகள் செழித்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் இதை நாட்டு மக்களின் அறியாமை என்று எழுதிவைத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காசு முன்னாலேயே வாங்கியாகிவிட்ட கடிதத்தைக் கொண்டுசேர்ப்பதில் தபால்காரருக்கு என்ன அக்கறை? காசு வர வேண்டிய கடிதம் என்றால் ஆளைத் தேடிப் பிடித்தே தீர வேண்டும். தெருப்பெயரும் கதவு எண்ணும் இல்லாத நாட்டில் இது நல்ல காப்பீடு. கூடுதல் அரையணாவை அந்தக் காப்பீட்டின் பிரீமியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு சாமர்த்தியமும் இருந்தது. கவரின் மேல் ஒரு குறி போட்டுவிட்டால், வாங்குகிறவர் அதைப் பார்த்துச் செய்தி தெரிந்துகொண்டு, கடிதத்தை வேண்டாம் என்று திருப்பிவிடலாம். செலவே இல்லை. இது இங்கிலாந்திலும் நடந்ததுதான்.

முன்பணத்தை ரொக்கமாக வாங்காமல் ஸ்டாம்பாக வாங்கியதற்குக் காரணம் அழகியல் அல்ல, கணக்கு. குமாஸ்தா கையில் ரொக்கம் கொடுத்தால் அது சர்க்கார் பெட்டிக்குப் போனதா, அவர் மடிக்குப் போனதா, யார் கண்டது? ஸ்டாம்பு விற்றால், விற்ற எண்ணிக்கையே கணக்கு. கூடவே, கவரில் கையெழுத்துப் போட்டு இலவசமாக அனுப்பும் சலுகையை, சொந்தக்காரர், சிநேகிதர் கடிதங்களுக்கெல்லாம் வாரி வழங்கிவந்த அதிகாரிகளின் கையையும் கட்டினார்கள். மிகச் சில பதவிகளுக்கு மட்டும் அந்தச் சலுகை மிஞ்சியது. எல்லாவற்றுக்கும் மேலே, முழு இந்தியாவுக்கும் ஒரு டைரக்டர் ஜெனரல் வந்தார். முதலாவதாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் ரிடெல். அவருக்குக் கீழே ராஜதானிதோறும் ஒரு போஸ்ட்மாஸ்டர் ஜெனரல். சென்னைக் கடிதம் பம்பாயில் அந்நியமாவது அன்றோடு நின்றது.

இதற்கெல்லாம் அன்றைய கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்கே முழுப் பெயரும் போகிறது. ரயில், தந்தி, தபால் மூன்றையும் தன் சாதனையாக 1856-இல் பதவி விட்டுப் போகும்போது அவரே பெருமையோடு எழுதிவைத்தார். பெஷாவரில் படையில் சேர்ந்த ஸ்காட்லாந்துப் பையன் தன் தாய்க்கு ஆறு பென்ஸில் கடிதம் போடலாம், சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் காசுக்கு லாகூரைத் தாண்டியிருக்காது என்பது அவர் காட்டிய உதாரணம். இந்தச் சீர்திருத்தத்தின் பலனைச் சொல்ல அவர் மனத்தில் முதலில் வந்த முகம் எது என்று கவனியுங்கள். உண்மையில் ஒரே விலை அரையணாவை அவருக்கு முன்பே செய்துகாட்டியவர் சிந்து மாகாணக் கமிஷனர் பார்ட்டில் ஃபிரியர். 1852 ஜூலை 1-இல் சிந்துக்குள் எங்கே போனாலும் அரையணா என்று தனி ஸ்டாம்பே வெளியிட்டார். ஆசியாவின் முதல் ஸ்டாம்பு அதுதான். கம்பெனியின் வியாபாரக் குறியை அழுத்திப் பதித்த சின்ன வட்டம். படம் ஒன்றும் கிடையாது. 1854-இல் அகில இந்தியத் தலை வந்ததும் அது மறைந்தது.

உங்கள் ராணி கேள்வி இங்கேதான் வருகிறது. சிந்துத் தலையில் கம்பெனியின் குறி. இரண்டே ஆண்டில் வந்த அகில இந்தியத் தலையில் விக்டோரியா. கம்பெனி ஆண்டது பிரிட்டிஷ் மகுடத்தின் பெயரில்தான். 1835-இல் அடித்த ரூபாயில் நான்காம் வில்லியம் இருந்தார். 1840-இலிருந்து ரூபாயின் ஒரு பக்கம் விக்டோரியா, மறுபக்கம் கம்பெனியின் பெயர். ஸ்டாம்புக்கு மறுபக்கம் கிடையாதே! முகப்பில் ராணியும் 'இந்தியா' என்ற சொல்லும் விலையும் மட்டுமே இடம்பெற்றன, அதுவும் ஆங்கிலத்தில் மட்டும். கம்பெனி ஒளிந்துகொண்ட இடம் வேறு. அச்சடித்த தாளின் நீர்க்குறியில் கம்பெனியின் மரபுச் சின்னம் தாள் நிறையப் பெரிதாக இருக்கும். தாளை வெட்டும்போது ஒவ்வொரு ஸ்டாம்புக்கும் அதில் ஒரு கோடோ வளைவோ வந்து சேரும். சிலவற்றில் ஒன்றுமே விழாது.

ஓரம் கோணலாக இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். துளையிட்ட ஓரம் அப்போது இல்லை, கத்தரிக்கோல்தான். கல்கத்தாவில் அச்சான கதையே ரசமானது. நாணயச்சாலையில் சிங்கமும் பனைமரமும் கொண்ட ஒரு மாதிரி தயாரித்துப் பார்த்தார்கள். தேவையான அளவு, தேவையான வேகத்தில் அங்கே அடிக்க முடியவில்லை. நிலப்பட அலுவலகத்தில் இருந்த கேப்டன் துய்லியர் பொறுப்பை ஏற்றார். நிலப்படம் அச்சிடும் கல்லச்சில் ஸ்டாம்பு அச்சானது. அரையணாவை முதலில் சிவப்பில்தான் அடித்தார். இங்கிலாந்திலிருந்து வந்த சிவப்பு மை நடுவில் தீர்ந்துபோனது. உள்ளூர் மை கல்லில் சரிப்படவில்லை. அடித்ததை வெளியிடாமல் வைத்துவிட்டு, 1854 மே மாதம் புதிய அச்சில் நீலத்தில் தொடங்கினார். நீங்கள் கையில் வைத்திருக்கும் நீலம் மை தீர்ந்ததால் வந்த நீலம்.

அக்டோபர் 1 அன்று நீல அரையணாவும் சிவப்பு ஒரணாவும் அமலுக்கு வந்தன. பச்சை இரண்டணா நாணயச்சாலையிலேயே அச்சானது. அக்டோபர் நடுவில் வந்த நாலணாதான் எல்லோரும் பேசும் தலை. ராணியின் தலை நீலம், சுற்றிய சட்டம் சிவப்பு, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒருமுறை கல்லில் போட வேண்டும். ஒருமுறை தாள் திரும்பிப் போய் ராணி தலைகீழாக நின்றுவிட்டார். அதில் மிஞ்சியவை மிகச் சில. உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் போட்டி போடும் அரிய பிழைகளில் ஒன்று அது. 1855-இலேயே லண்டனின் டி லா ரூ கம்பெனி அச்சிட்ட தலைகள் கப்பலில் வரத் தொடங்கின. கல்கத்தாவின் கல்லச்சு அத்தியாயம் அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு இந்தியத் தபால் தலையை இந்தியாவிலேயே அச்சடிக்க 1926 வரை, நாசிக் அச்சகம் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

சிங்கப்பூர்க் கடிதத்தில் புதிர் ஒன்றுமில்லை. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் அன்று இந்திய ஆட்சியின் கீழ். இந்தியத் தபாலின் கிளைகள் அங்கேயும் இருந்தன. தபாலாபீசுகளுக்கு எண் கொடுத்தபோது வங்காள வட்டத்துக்குப் 'பி' வரிசை. அதில் சிங்கப்பூருக்கு 172, பினாங்குக்கு 147, மலாக்காவுக்கு 109. முத்திரையைப் பார்த்தாலே கடிதம் எங்கே போடப்பட்டது என்று தெரிந்துவிடும். 1867 ஏப்ரலில் அந்த நீரிணைக் குடியேற்றங்கள் தனிக் காலனி ஆயின. செப்டம்பரில் சொந்த ஸ்டாம்பு வெளியிட்டபோதும் பழக்கம் விடவில்லை; இந்தியத் தலையின் மேலேயே கிரீடமும் சென்ட் விலையும் அச்சடித்து விற்றார்கள். உங்கள் மூதாதையர் அங்கே கடை வைத்திருந்தால் இரண்டு வகையையும் பார்த்திருப்பார்கள்.

ஊர்க் கோடியில் இருந்தவருக்கு 1854 என்ன செய்தது? அதிகமில்லை. சர்க்காரின் பெரிய தபால் ஜில்லாத் தலைநகரோடும் சில முக்கிய ஊர்களோடும் நின்றது. அதற்குள்ளே போலீஸ் ஸ்டேஷனுக்கும் தாலுகா கச்சேரிக்கும் ஓடிய ஜில்லாத் தபால் கலெக்டரின் தனி ஏற்பாடு. சர்க்கார் காகிதம் போவதற்கென்று இருந்த அதில், ஜனங்களின் கடிதம் தொற்றிக்கொண்டு போனது. இந்த இரட்டை வழி முழுசாகத் தீர இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. சமஸ்தானங்கள் கதை தனி. திருவிதாங்கூரின் அஞ்சல் 1951 வரை தன் ஓட்டக்காரர்களோடு தனியாகவே ஓடியது. சாதாரணக் குடும்பத்தின் வாசலுக்குத் தபால்காரர் வந்தது 1879-இல் காலணாக் கார்டு வந்த பிறகும், 1880-இல் மணியார்டரைத் தபாலாபீசு எடுத்துக்கொண்ட பிறகும்தான் என்பேன். எழுதத் தெரியாதவருக்கும் மணியார்டர் வேண்டியிருந்தது.

பேரனுக்கு: நீல அரையணா கோடிக்கணக்கில் அச்சான தலை, தனியாக எடுத்தால் பெரிய விலை கிடையாது. ஆனால் கடிதத்தோடு, முத்திரையோடு, தேதியோடு சேர்ந்து இருக்கும்போது மதிப்பு வேறு. ஆகவே ஸ்டாம்பைத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கவே கூடாது. செல்லோ டேப், லேமினேஷன் இரண்டும் விஷம். அமிலமில்லாத தாளுக்கு நடுவே, மடிப்பை வலுக்கட்டாயமாக விரிக்காமல், வெயில் படாமல் வையுங்கள். 1854 தலைகளுக்குப் போலிகளும் நிறைய. மூன்றையும் சென்னையில் உள்ள நல்ல சேகரிப்பாளர் சங்கம் ஒன்றில் நேரில் காட்டுங்கள். விற்பதாக இருந்தாலும் மூன்றையும் பிரிக்காதீர்கள். ஸ்டாம்பே இல்லாத 1853 கடிதம்தான் மற்ற இரண்டுக்கும் பொருள் தருகிறது. ஏலக்காரர் அதை ஒதுக்கித் தள்ளினால் வேறு ஏலக்காரரைப் பாருங்கள். விற்கும் முன் உள்ளே எழுதியிருப்பதைப் படித்து, படம் எடுத்து வைத்துக்கொள்வதும் அவசியம். சிங்கப்பூர்க் கடிதத்தின் பின்பக்கத்தில் வழியில் விழுந்த முத்திரைகள் இருக்கலாம். அவற்றின் படத்தை அனுப்பினால், அது எந்த வழியாகத் தேவகோட்டை வந்தது என்று பார்த்துச் சொல்கிறேன்.